பதினோரு லிஸ்டுகளும் ஒரு ஜெபசெல்வியும்

எழுத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, போன தை மாதம், தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில், ஏசி ஓடாத ஓர் அறையில் எடுத்து வைக்கப்பட்டது.

அதுவரை அங்கே 'கன்டெய்னர் லிஸ்ட்' என்ற எக்செல் கோப்பு பதினோரு கம்ப்யூட்டரில் பதினோரு விதமாக வாழ்ந்தது. இறால் ஏற்றிய ஒரே குளிர்பெட்டி, ஒரு லிஸ்டில் யார்டில் நின்றது. இன்னொன்றில் கொழும்பைத் தாண்டியிருந்தது. மூன்றாவதில் பிறக்கவே இல்லை. ஜெபசெல்விக்குப் பொறுக்கவில்லை. வேலைக்கு வந்து ஐந்து மாதம். ஆறு முடிந்தால்தான் நிரந்தரம். டேட்டாபேஸ் அமைத்துக் கொடுத்தால் அந்த நிரந்தரக் கடிதம் கைக்கு வந்துவிடும் என்று நம்பினாள்.

கூட்டத்தில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்து விளக்கினாள். "ஒரு பெட்டிக்கு ஒரே வரி. எல்லாரும் அதையேதான் பாக்கணும். எக்செல்ல இருக்கத இனி யாரும் நம்பக் கூடாது." மேலாளர் பொன்னுதுரை அண்ணாச்சி அதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார். உற்சாகத்தில் அவள் மீதியையும் சொன்னாள்: யார், எந்த நிமிடம், எதை மாற்றினாலும் பெயரோடு பதியும், அழியாது.

மற்ற பத்துப் பேரும் அவரவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

மறுநாளே அந்தப் பத்துப் பேருக்கும் பாஸ்வேர்டு 'மறந்துபோனது'. "ஏளா, ஒரே வரின்னுதான சொன்ன, பொறவு எதுக்குப் பதினோரு பாஸ்வேர்டு? ஒன்னோடத ஒட்டி வையி" என்றாள் பக்கத்து மேசை கிளாடிஸ் அக்கா. ஜெபசெல்வி மறுத்துப் பார்த்தாள். "ஒத்துப்போற பிள்ளைன்னு ஒன் லெட்டர்ல எழுதணும்லா" என்றார் அண்ணாச்சி. 'அலுவலக ஒற்றுமை' கருதி அவளுடைய பாஸ்வேர்டு பிரின்டரின் நெற்றியில் ஒட்டப்பட்டது.

ஆறாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை, யாரோ டேட்டாபேஸில் ஓர் இறால் பெட்டிக்குக் கரண்டு 'வேண்டாம்' என்று மாற்ற, யார்டுக்காரர்கள் பிளக்கைப் பிடுங்கினார்கள். மூன்றாம் நாள் நாற்றமே வந்து தகவல் சொன்னது.

முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும் விசாரணை ஒரே நிமிடத்தில் முடிந்தது. டேட்டாபேஸ் சொன்னது: புதன், காலை 11.10, ஜெபசெல்வி.

"அன்னைக்கு நான் லீவு அண்ணாச்சி. பெரியதாழைல எங்க அக்கா கல்யாணம். நீங்களும் வந்து சாப்பிட்டியளே."

அண்ணாச்சி மறுக்கவில்லை, பிரியாணியையும் பாராட்டினார். "ஆனா, நீ லீவுன்னு எதுல இருக்கு?"

"எக்செல்ல."

அண்ணாச்சி தீர்மான நோட்டைப் புரட்டி, அவளுடைய வாக்கியத்தை அவளுக்கே வாசித்துக் காட்டினார்.

வேலைநீக்கக் கடிதத்தில் சாட்சிகளாகப் பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள். அவரவர் பெயர் ஒருவருக்கும் மறந்துபோகவில்லை.