நான்ஸ்டிக் நைனா பெண் கொடுத்த கதை

திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரைக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ பொருளை உயிராக நேசித்திருக்கிறார்கள். பைக்கை, பந்தயப் புறாவை, கேரம் போர்டை. ஆனால் முட்டை பொரிக்கிற ஒரு நான்ஸ்டிக் தவாவைப் பெற்ற பிள்ளைக்குச் சமமாக நேசித்தவர் எங்கள் நான்ஸ்டிக் நைனா ஒருவர்தான். அவருக்கு முன்னால் அப்படி யாரும் இருந்ததில்லை. இனி யாராவது வந்தால், அவர் வீட்டுக்காரம்மாவை நினைத்து நான் இப்போதே கொஞ்சம் அழுது வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் என் பக்கத்து வீடு அவருடையது. அவருடைய ஒரே மகள் கலை அவரை ‘நைனா’ என்று கூப்பிடுவாள். அவளைப் பார்த்து மாடி முழுக்கக் கூப்பிட்டது, பிறகு தண்ணி கேன் போடுகிறவர் வரை அதுவே பெயராகிவிட்டது. ‘நான்ஸ்டிக்’ மட்டும் நாங்கள் முன்னால் சேர்த்த பட்டம். கடைக்காரர்கள் அந்தப் பாத்திரத்தை ‘பேன்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கம் தலையைச் சொறிவார்கள் என்பதால் தட்டையோ குழியோ எல்லாருக்கும் அது தவாதான்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். யானை கனத்துக் கன்டெய்னரை அவர் டிரெய்லரில் இறக்கி வைத்தால், முன்னால் தூங்குகிற டிரைவர் புரண்டுகூடப் படுக்க மாட்டாராம். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற மறுவாரம், அவர் மனைவி செல்வி அக்கா சட்டம் போட்டார்.

“யோவ், நான் தையக் கடைய தொறக்கணும். காலைல நாஸ்தா இனிமே உன் டூட்டி.”

நைனா இரும்புச் சட்டியில் ஆம்லெட் போட்டார். பாதி தட்டுக்கு வந்தது. மீதி சட்டியிலேயே குடியேறிவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு நான்ஸ்டிக் தவா வாங்கி வந்தார். மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவு இடிபட்டது. தீ விபத்து என்று நினைத்துத்தான் திறந்தேன்.

“யம்மா, வந்து பாரேன்! தானா வழுக்கிக்கினு வந்து தட்டுல குந்திக்கிச்சும்மா!”

அந்த முட்டையோடு எங்கள் நிம்மதியும் வழுக்கிக்கொண்டு போனது.

தவாவுக்குத் தனி அலமாரி வந்தது. அதன்மேல் வேறு பாத்திரம் உரசாமல் இருக்கப் பழைய பனியன் துணியை வெட்டி விரித்தார். எவர்சில்வர் கரண்டிக்கு அந்த அலமாரிப் பக்கமே அனுமதி இல்லை, மரக்கரண்டி மட்டும். காலித் தவாவைப் பெரிய தீயில் காய வைக்கக்கூடாது. சுட்ட தவாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு தடவை செல்வி அக்கா மறந்து ஊற்றிவிட்டார். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டு, குளித்துக்கொண்டிருந்த நைனா சோப்பு நுரையோடு ஓடி வந்ததை மாடியே பார்த்தது.

“சூடா கீற ஒடம்புல ஐஸ் தண்ணி ஊத்துனா உனுக்கு எப்டி இருக்கும்?”

“மொதல்ல துண்டக் கட்டுய்யா!”

தன் வீட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து என் சமையலறைக்குள் வந்தார். என் தவாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில், டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இத்த எப்ப வாங்குன?”

“என் கல்யாணத்துக்கு வந்தது நைனா.”

“கல்யாணம் நல்லா கீது. இது முடிஞ்சி போச்சு. கோட்டிங் உரிஞ்சிகினு கீது பாரு. தூக்கிப் போடு.”

நான் அதைக் குப்பைக் கூடையில் போடும் வரை நகரவில்லை. போட்ட பிறகு கண்ணை மூடி ஒரு நிமிடம் மௌனமாக வேறு நின்றார். இதற்குப் பிறகு நைனாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே பெண்கள் தவாவை ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். எதிர் வீட்டு நூர்ஜஹான் அக்கா அவசரத்தில் அதை வாஷிங் மெஷினுக்குள் போட்டுவிட, விஷயம் தெரியாத அவர் வீட்டுக்காரர் துணியைப் போட்டு மெஷினை ஓட விட்டார். அந்தச் சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தவரும் நைனாதான்.

புதுத் தவா வாங்க அவரோடு கடைக்குப் போவது இன்னொரு திருவிழா. பாத்திரக் கடை தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவருடையது. நைனா ஒவ்வொரு தவாவையும் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். தரையில் வைத்து ஓரத்தைத் தட்டுவார். ஆடினால் அதை நிராகரித்துவிடுவார். கைப்பிடியைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்து ஆட்டுவார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு முட்டையை எடுப்பார்.

“அண்ணாச்சி, ஒரு அடுப்பு இருந்தா குடு. வழுக்குதான்னு பாத்துடலாம்.”

“அய்யா, இது பாத்திரக் கடைல்லா? கல்யாண வீட்டு அடுப்படியா? முட்டைய உள்ள வைங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

உள்ளே வைத்தார். திரும்பும்போது ஷேர் ஆட்டோ பள்ளத்தில் குதித்தது. நைனாவின் சட்டைப் பை மஞ்சளாக மலர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பதறி, ஏதோ ரத்தம் வேறு நிறத்தில் வருகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் கலை கண் கலங்க என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் ஒருத்தர லவ் பண்றேன். நைனாகிட்ட நீதான் சொல்லணும்.”

பையன் பெயர் டேனியல். மணலியில் லாரி மெக்கானிக். வீடு காத்திவாக்கம். அப்பா இல்லை, மீன் விற்று அவனை ஆளாக்கிய அம்மா மட்டும். பெயரைக் கேட்டதுமே, கோயிலா சர்ச்சா என்று ஒரு பூகம்பம் காத்திருக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் காலை, நைனா ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

மரக்கரண்டி நின்றது.

“பையன் குடிப்பானா?”

“இல்ல நைனா.”

“வேலைக்கு ஒழுங்கா போறானா?”

“போறான்.”

ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டார். நீண்ட யோசனைக்குப் பிறகு கேட்டார்:

“அவங்க வூட்ல இன்னா தவா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா, செல்வி அக்கா, நான் மூவரும் ஆட்டோவில் காத்திவாக்கம் போனோம். டேனியலின் அம்மா லூர்தம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்தார். அந்த அம்மாள் குரலை உயர்த்தினால் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் போகிற படகு திரும்பிவிடும்.

“குந்துங்க சம்மந்தி! வஞ்சிரம் பொரிச்சிகினு கீறேன், தோ வந்துட்டேன்!”

உள்ளே போனார். மீன் வாசனை வந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. கரக். கரக். கரக். இரும்புக் கரண்டி எதையோ சுரண்டுகிற சத்தம். ஒவ்வொரு கரக்குக்கும் நைனாவின் தோள்பட்டை ஒரு தடவை துள்ளியது. செல்வி அக்கா அவர் கையை அழுத்திப் பிடித்தார். பிடி நழுவியது. நைனா எழுந்து சமையலறை வாசலுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

அடுப்பில் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்தது ஒரு தவா.

“யம்மா... இது அலுமினியமா?” நைனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இல்ல சம்மந்தி, நான்ஸ்டிக்கு! கட்டிக் குடுத்த எம் பெரிய பொண்ணு வாங்கியாந்தா. வாங்கும்போது ஒரே கருப்பு. கலீஜா இருந்துச்சு. நான்தான் தேங்கா நாரும் மண்ணும் போட்டு தேய் தேய்னு தேச்சு, எப்டி வெள்ளையாக்கிக்கீறேன் பாரு!”

பெருமையோடு தவாவைத் தூக்கிக் காட்டினார். நைனா சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பித்தம் என்று நினைத்து லூர்தம்மாள் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். ஆனால் மீன் வந்ததும் நைனா மறுக்காமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டும் வாங்கினார். ஆட்டோ திருவொற்றியூர் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பொண்ணு தர மாட்டேன்.”

“ஏன்யா? மதமா?” என்றார் செல்வி அக்கா.

“அத்த எவன் பாக்குறான்? மாதா கோயில் தேருக்கு நான்தான வருஷா வருஷம் வடம் புடிக்கிறேன். அந்தக் கருப்பெல்லாம் எங்க போச்சு? மீனுக்குள்ள போச்சு! மருமவன் வயித்துக்குள்ள போச்சு! எம் பொண்ணு அங்க போய் அத்தத் தின்னணுமா?”

கலை சண்டை போடவில்லை. அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். காலையில் அவர் மேசைமேல் வைக்கிற ஆம்லெட்டைத் தொடாமல், தெருமுனையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அந்த ஆம்லெட் ஆறிப் போவதை நைனா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் அவர் எங்கள் யாருடைய தவாவையும் சோதிக்க வரவில்லை. மாடிப் பெண்கள் தவாவை வெளியிலேயே வைத்திருந்தார்கள். ஆனால் சந்தோஷமாக யாரும் சமைக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, யாரும் கூப்பிடாமல் டேனியல் வந்து நின்றான். கிரீஸ் கறை போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கைகள். சத்தம் கேட்டு நானும் போய்விட்டேன். வந்தவனை நைனா உட்காரச் சொல்லவில்லை.

“ஆம்லெட் போடத் தெரிமா?”

“தெரியும் மாமா.”

நைனா அலமாரியைத் திறந்தார். பனியன் துணியை விலக்கினார். அவருடைய தவாவை, செல்வி அக்காவே தொடப் பயப்படுகிற தவாவை, எடுத்து அவன் கையில் கொடுத்தார். கலை என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

டேனியல் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. தவாவை வெளிச்சத்தில் பிடித்தான். நடுவில் கட்டை விரலால் தடவினான். பிறகு அதைத் தரையில் வைத்து ஒரு சுண்டு சுண்டினான். அது பம்பரம்போல் சுற்றியது.

“மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“இது முடிஞ்சிபோச்சு மாமா. அடி தூக்கிக்கிச்சு. நடுவுல கோட்டிங்கே இல்ல. மாத்திடணும்.”

செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். சில மாதங்களாகவே நைனாவின் ஆம்லெட் கிழிந்து கிழிந்துதான் வந்தது. அவர் யாருக்கும் தெரியாமல் எண்ணெயைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாடி முழுக்கத் தவாக்களுக்குத் தீர்ப்பு எழுதியவரிடம் அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

நைனா குனிந்து தவாவை எடுத்தார். கோபத்தில் எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எனுக்குத் தெரியாதா? தெரியும்பா.” குரல் இறங்கியிருந்தது. “வேலைல இருந்தவரைக்கும் பாதி நாள் நைட் ஷிப்ட்டு. காலைல நான் வூட்டுக்கு வரும்போது இவ ஸ்கூலுக்குப் பூட்டிருப்பா. இன்னா துன்னுட்டுப் போனான்னு ஒரு நாளும் பாத்தது கெடயாது. எங் கையால இவளுக்கு மொத மொத ஒழுங்கா சமைச்சிப் போட்டது இதுலதான். எப்டிப்பா தூக்கிப் போட்றது?”

கலை என் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “போ நைனா,” என்று அவர் தோளில் அடித்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. “எனக்குப் பசிக்குது. ஏதாவது போட்டுக் குடு.”

அன்று எல்லாருக்கும், நைனா எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தவாவில்தான் ஆம்லெட். போட்டது டேனியல். நன்றாகவே போட்டான். நைனா ஒரு குறைதான் சொன்னார்: “தீ கொஞ்சம் ஜாஸ்தி.”

சாயங்காலம் நைனாவுக்குப் புதுத் தவா வாங்கப் போனோம். லூர்தம்மாளையும் வரச் சொன்னார் நைனா. அண்ணாச்சி கடையில் அந்த அம்மாளுக்கு மரக்கரண்டியைக் காட்டி, மெத்தென்ற ஸ்பாஞ்சைக் காட்டி, ஒரு தவாவைப் பராமரிக்கிற முறையை முழுதாக விளக்கினார். லூர்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சம்மந்தி, தேய்க்காம ஒரு பாத்திரத்தக் கவுத்து வெச்சா எனுக்குத் தூக்கம் வராது. இந்த வழுக்கல் சமாச்சாரம் புள்ளைங்களுக்கே இருக்கட்டும். எனுக்கு ஒரு இரும்பு தோசக்கல்லு குடு. மீனு அதுல பொரிச்சிக்கிறேன்.”

நைனா யோசித்தார். இரும்பை எதைப் போட்டுச் சுரண்டினாலும் உரிவதற்கு மேலே பூச்சு ஏதும் இல்லை. தேய்த்த கையோடு எண்ணெய் தடவி வைத்தால் கடல் காற்றில் துருவும் ஏறாது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“கரெக்ட்டும்மா! முட்டைக்கு நான்ஸ்டிக்கு, மீனுக்கு இரும்பு. அண்ணாச்சி, நல்ல கனமா ஒரு கல்லு எடு!”

அந்தத் தோசைக்கல்லின் இரண்டு பக்கத்தையும் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கனம் பார்த்தார்கள். எங்களைப் பொறுத்தவரை நிச்சயதார்த்தம் அதுதான்.

கல்யாண வரவேற்பில் மாடி முழுக்க ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல் ஒரே பரிசை வாங்கி வந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்து மேசை பாத்திரக் கடையாகிவிட்டது. போட்டோக்காரர் எடுத்த படங்களில் மணமக்களுக்குப் பின்னால் பெண்ணின் அப்பா ஒரு தவாவை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். குடும்பமாக நிற்கிற படத்தில் மட்டும் இரு கையும் காலி. ஒன்று கலையின் தலைமேல், இன்னொன்று டேனியலின் தோள்மேல்.

இப்போது கலையும் டேனியலும் மணலி புதுநகரில் குடியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலமே நைனா ஒரு பையில் முட்டையைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு செல்வி அக்காவோடு கிளம்பிவிடுவார். எங்கள் மாடி அமைதியாகிவிடும். அமைதி நல்லதுதான் என்று ஞாயிறு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் திங்கட்கிழமை காலை, படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.