பிக்கிள்ஸின் சாப்பாட்டுக்குப் பொறுப்பு யார்?

அன்புள்ள ஆங்கஸ்,

மாஃப்ராவிலிருந்து உன் அத்தை நோலின் எழுதிக்கொள்வது. நீயும் ப்ரானியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். மெல்போர்னில் விவசாய அமைச்சருக்கே ஆலோசனை சொல்கிற வேலையில் இருக்கிறாய், அதிலும் ஒரு குறையும் வரக்கூடாது. மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

நம்ம நாய் பிக்கிள்ஸ் போன மாதம் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாய்களுக்கென்றே விற்கிற உறைந்த இறைச்சிதான் எப்போதும் போடுவோம். பாக்கெட்டில் ஒரு நாய் ஈயென்று சிரிக்கும், கீழே ‘மனிதரும் பொறாமைப்படும் தரம்’ என்று போட்டிருக்கும். உன் மெர்வ் மாமா தரையில் உட்கார்ந்து, கொஞ்சிக் கெஞ்சி, கையால் ஊட்டினார். ரெண்டு வாய் தின்னும், வாந்தி எடுக்கும். கண்ணெல்லாம் மஞ்சள். அதற்குள் பக்கத்துப் பண்ணை மனுஷன் ஐவர் இருக்காரே, அவருடைய ரெண்டு நாயும் ஒரே வாரத்தில் செத்துப்போச்சு. பெண்டாட்டியைப் புதைத்த அன்றைக்குக் கூட அழாத மனுஷன், எங்க சமையலறையில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் போட்டதும் அதே இறைச்சி. பிக்கிள்ஸைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் ஃபென்னாவிடம் ஓடினோம். “நோலின், இது தொத்து வியாதி இல்ல. கல்லீரல் கெட்டுப்போயிருக்கு. இங்க இப்படி வர்ற நாயெல்லாம் அந்த ஒரே சரக்கத் தின்னதுதான். மொதல்ல அத நிறுத்துங்க, மத்தவங்களுக்கும் சொல்லுங்க”ன்னாங்க.

சொன்னேன். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். “வேற எந்தப் புகாரும் வரலையே மேடம்” என்றான் ஒருத்தன், வாயில் வெண்ணெய் தடவின மாதிரி. எனக்கு முன்னாடிதான் ஐவர் பேசி வைத்திருந்தார், அவரிடமும் அதே பல்லவி! சரி, அரசாங்கம் இருக்கிறதே என்று உன் துறைக்குப் போட்டேன். அங்கே ஒரு பையன், “அது உணவு இல்லைங்க” என்கிறான். “பின்ன என்னடா, செங்கல்லா?” என்றேன். “சட்டப்படி மனுஷங்க சாப்பிடறதுதாங்க உணவு. இதுக்குன்னு விதிமுறை இருக்கு, கம்பெனிங்களே எழுதிக்கிட்டது. இஷ்டப்பட்டா கடைப்பிடிப்பாங்க.” இஷ்டப்பட்டா! நாளைக்கே சிவப்பு விளக்குக்கு இஷ்டப்பட்டா நில்லுங்கன்னு போர்டு வைங்களேன், எத்தனை பேர் நிக்கிறான்னு பார்ப்போம். கடையிலிருந்து சரக்கைத் திருப்பி எடுக்கவும் கம்பெனிக்கே மனசு வரணுமாம். ஊராட்சிக்குப் போட்டால், நாய் வளர்க்கிறதுக்கான பதிவைப் புதுப்பிச்சாச்சான்னு கேக்குறாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு.

சூப்பர் மார்க்கெட்டில் அந்த ஃப்ரீசர் முன்னால் நின்று, கை வைத்தவர்களையெல்லாம் தடுத்தேன். மேனேஜர் வந்து, “விக்காதீங்கன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே மேடம்” என்று வாசல்வரைக்கும் கூட்டிவந்து விட்டுட்டுப் போனான். வீட்டுக்கு வந்தேன், சுகாதார அலுவலகத்துக்குப் போன் பண்ணேன், “என் புருஷன் நாய்ச் சாப்பாட்டத் தின்னுட்டாரு”ன்னேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து, “எப்பங்க? சுயநினைவோட இருக்காரா? பாக்கெட்டத் தொடாதீங்க!” அன்னைக்கு மத்தியானமே காரில் ரெண்டு பேர், கையுறையோடு. “படு மெர்வ், முனகு”ன்னு நான் இவரைப் படுக்கையில தள்ளி, பாதி முனகலில் அவங்க உள்ளே வந்துட்டாங்க. “ஏன் சார் இதப் போய்ச் சாப்பிட்டீங்க?” என்றாள் வந்ததில் ஒருத்தி. இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இந்த வீட்டுல அதுதாம்மா கொஞ்சம் ருசியா இருக்கும்” என்றார். அவங்க முன்னாடி நான் வாயைத் திறக்க முடியுமா?

இறைச்சியைச் சோதித்தார்கள். விஷச்செடி மேய்ந்த குதிரையின் கறி கலந்திருக்காம். ஒரே ராத்திரியில் எல்லாக் கடை ஃப்ரீசரும் காலி, ரேடியோவில் எச்சரிக்கை. ஐவரின் நாய்கள் செத்ததற்கு அசையாத அரசாங்கம், உன் மாமா முனகினதும் ஓடி வருது. நான் பொய் சொன்னால்தான் நீங்க வேலை செய்வீங்களா? சட்டம் போடச் சொல்லு உன் அமைச்சரை. எந்த மிருகத்துக் கறி, எங்கிருந்து வந்தது என்று பாக்கெட்டில் இருக்கணும். டாக்டர் புகார் கொடுத்த அன்றைக்கே விற்பனையை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் வேணும், கம்பெனிக்காரன் காலில் விழக்கூடாது. ஐவர் இன்னமும் காலையில் மாட்டை ஓட்டப் போகும்போது பழக்கத்தில் நாய்களைக் கூப்பிட்டு விசில் அடிக்கிறார். அடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு இஷ்டப்பட்டா, விருப்பப்பட்டா என்று சொல்லு பார்ப்போம். பிக்கிள்ஸ் பிழைத்துக்கொண்டது. வாசல் கேட் வரைக்கும் நடக்கும், அங்கேயே படுத்துக்கொள்ளும்.

ப்ரானிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உன் அமைச்சருக்கு ஒன்றும் கிடையாது.

தீராத கோபத்தோடும், அதற்குக் குறையாத பாசத்தோடும்,
உன் அத்தை நோலின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பொய் என்று வந்த இடத்தில், “அது பொய்யில்ல நோலின்” என்கிறார். பிக்கிள்ஸ் தின்னமாட்டேன் என்றபோதெல்லாம், நல்லாத்தான் இருக்கு பார் என்று இவரே ஒரு வாய் தின்று காட்டித்தான் ஊட்டினாராம். “நானே ஊட்டி அதுக்கு விஷம் வச்சுட்டேனே”ன்னு இந்த மனுஷன் நாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஆகவே மேலே பொய் என்று எழுதினதையெல்லாம் அடித்துவிடு, அரசாங்கத்துக்கு நான் சொன்னது சத்தியம். நாளைக்கு இவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். நம்ம டாக்டரிடமா, ஃபென்னாவிடமா என்றுதான் தெரியவில்லை.