பூதத்தான் வாங்குன நாலு நாள் லீவு

இந்த ஆனி மாசம் என் லீவு எனக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

கல்யாணமாயி ஒம்பது வருஷம். கம்பெனியில வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் லீவு. அதுல எனக்குன்னு ஒரு நாள் கண்டிருக்கேனா? மச்சினன் வீடு பால்காய்ப்புக்கு ரெண்டு நாள். மச்சினன் பிள்ளைக்கு மொட்டை, ஒரு நாள். மச்சினனுக்கு மூல ஆப்பரேசன், மூணு நாள். அவன் குப்புறக் கெடக்கான், நான் பின்னால நின்னு விசிறுதேன். லீவு என் பேருல, காத்து அவன் மேல!

நான் கங்கைகொண்டான்ல ஒரு பிஸ்கட் கம்பெனியில பெட்டி ஒட்டுதேன். படிப்பு ஆறாப்பு. ஆனா வாய் இருக்கே, யாரு குரல்னாலும் பேசும். எங்க மேனேஜர் கிருபைராஜ் சார் பேச்சை "ர்ர்ஹம்"னு தொண்டையச் செருமி ஆரம்பிப்பாரு, "கேட்டீரா?"ன்னு முடிப்பாரு. அந்த மொட்டைக்குப் பெறவு, பொண்டாட்டி வீட்டு விசேஷம் எது வந்தாலும், அமத்துன போனைக் காதுல வச்சிக்கிட்டுப் புறவாசல்ல நிப்பேன். ரெண்டு குரலும் நானே.

"சார், ஒரு நாளாவது விடுங்க சார்."

"ர்ர்ஹம். வாய்ப்பே இல்லவே. கேட்டீரா?"

என் வீட்டுக்காரி இசக்கிச்செல்வி அடுப்படியில நின்னு கேப்பா. "பாவம், மனுசன விடவே மாட்டேங்காரே"ம்பா. மூல ஆப்பரேசனுக்கு மட்டும் எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. மாட்டிக்கிட்டேன்.

இப்ப கொழுந்தியா நித்யாவுக்குக் கூடங்குளத்துல கல்யாணம். வீட்டுக்காரி நாலு நாள் போகணும்ங்கா. அதே வாரம் குத்தாலத்துல சாரல் கொட்டுது. கூட்டாளி இசக்கிதுரை பைக்குல பெட்ரோல் போட்டுட்டு நிக்கான். கம்பெனியிலயோ புதுச் சட்டம். ரெண்டு நாளுக்கு மேல லீவுன்னா வாயால கேக்கக் கூடாது. லெட்டர் எழுதணும். கல்யாணம்னா பத்திரிகையும் சேத்துக் குடுக்கணும்.

அங்கனதான் எனக்கு யோசனை வந்துச்சு. கல்யாணத்துக்குன்னு அவளையே லெட்டர் எழுத வச்சு லீவை வாங்கிரணும். அவகிட்ட, கெடைக்கலைன்னு சொல்லிரணும். அவ கூடங்குளம், நான் குத்தாலம். எப்படி?

அவ பன்னெண்டு படிச்சவ. தெருவுல பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுக்கதே அவதான்.

"ஏட்டி, மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுது. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேக்கணும்."

பேனாவைத் தொறந்தவ அப்படியே என்னைப் பாத்தா. "நீங்களாவா கேக்கீய?"

"எனக்குன்னு இருக்கது ஒரே கொழுந்தியா."

"மூணு பேரு."

"கல்யாணம் ஆகாதது ஒண்ணுதானட்டி!"

எழுத ஆரம்பிச்சா. வாயால சொல்லிக்கிட்டே எழுதுதா. "அனுப்புநர், பூதத்தான், பெட்டி ஒட்டுநர்."

"ஒட்டுநரா? ஆளுநர் மாதிரில்லா இருக்கு. நல்லா பெருசா எழுது."

"பெறுநர், உயர்திரு மேலாளர் அவர்கள். பொருள், விடுப்பு வேண்டுதல்."

"வேண்டுதலா? மொட்டை எதுவும் போடணுமோ?"

"வாயை மூடிட்டு இருங்க. ஐயா, வணக்கம். என் மனைவியின் தங்கை திருமணம் வருகிற புதன்கிழமை நடைபெற இருப்பதால், செவ்வாய் முதல் வெள்ளி வரை எனக்கு நான்கு நாட்கள் விடுப்பு அளிக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"தாழ்மையக் கொஞ்சம் கொறை."

"வீட்டுலதான் கெடையாது. ஆபீஸ்லயாவது இருக்கட்டும்."

அதோட வாய் நின்னுட்டு. பேனா நிக்கலை.

"கீழ என்னமோ நாலு வரி கெடக்கே?"

"அது மரியாதைக்கு எழுதுதது. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். மரியாதைதானே, காசா பணமா?

மறுநாள் சார் லெட்டரை ரெண்டு தடவை படிச்சாரு. கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சாரு. "ர்ர்ஹம். பூதத்தான், உம்மள என்னமோன்னு நெனச்சிருந்தேன். நீரு பெரிய மனுசன்வே. கேட்டீரா?" நாலு நாளும் குடுத்துட்டாரு. லீவு குடுத்ததுக்கு இந்தாளு ஏன் கண்ணத் தொடைக்காருன்னு எனக்கு வெளங்கலை. நான் அதுக்குள்ள மனசால அருவிக்கடியில நின்னுட்டேன்.

திங்கக்கிழமை சாயங்காலம் புறவாசல்ல நாடகம். அன்னைக்கு நான் பேசுன மாதிரி எந்தக் காலத்துலயும் பேசினதில்ல. கடைசியில அழவே செஞ்சிட்டேன். உள்ள வந்தேன்.

"கெடைக்கலட்டி."

"சரி, விடுங்க. வேலைதானே முக்கியம்?"

இவ்வளவு நல்லவளா இருக்காளேன்னு எனக்கே அவ மேல எரக்கம் வந்துச்சு.

செவ்வாய்க்கிழமை காலையில அவ பிள்ளையளைக் கெளப்பிட்டு இருக்கா. நான் யூனிஃபார்ம் போட்டு, சோத்துப் பைக்குள்ள துண்டும் எண்ணெய் பாட்டிலும் வச்சிக்கிட்டுக் கதவைத் தொறக்கேன். வாசல்ல கார் நிக்குது. பட்டு வேட்டியில கிருபைராஜ் சார். பக்கத்துல அவரு வீட்டம்மா சாரம்மாள்.

"என்னவே, கல்யாணத்துக்கு யூனிஃபார்ம்லயா வாரீரு?"

சார் சட்டைப் பையில இருந்து என் லெட்டரை எடுத்து வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டுதாரு. "'தாங்கள் எனக்குத் தகப்பனைப் போன்றவர். தாங்கள் வராத கல்யாணத்துக்குப் போக எனக்கும் மனமில்லை. ஆகவே செவ்வாய் காலை குடும்பத்துடன் வந்து, எங்களையும் தங்கள் காரிலேயே அழைத்துச் செல்ல வேண்டுகிறேன்.' இருவத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் எனக்கு இப்படி எழுதுனதில்ல, கேட்டியா?"

உள்ள ஓடினேன். இசக்கிச்செல்வி பையோட ஜிப்பை இழுத்துட்டு இருந்தா.

"ஏட்டி, நேத்து போன்ல சார் என்ன சொன்னாருன்னா..."

"கேட்டேன். செருமல்தான் கொஞ்சம் சாஸ்தி."

"எப்ப இருந்துட்டி தெரியும்?"

அவ தலைய நிமித்தலை. "எங்கப்பா பதினாறாம் நாள் காரியத்துல இருந்து. லீவு கெடைக்கலைன்னு நீங்க பொலம்புனீயல்லா? பாவமேன்னு நானே சாருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். 'அவருக்கு மூணு நாள் லீவு குடுத்தாச்சேம்மா, அங்கன வரலியா?'ன்னாரு. நான் கேட்டதை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டேன்."

ரெண்டு வருஷம் ஆச்சு அந்தக் காரியம் முடிஞ்சு. அந்த மூணு நாளும் எங்க போயிருந்தேன்னு அவ கேக்கலை. கேட்டுத் திட்டியிருந்தா, வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். மணிமுத்தாறு அருவியில மல்லாக்கக் கெடந்தேன். அவ அங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா, "அவுகளை மேனேஜர் விடலை"ன்னு சொல்லிட்டு இருந்திருக்கா.

பத்துப் பேரு குரல் எனக்குத் தெரியும். அன்னைக்கு ஒண்ணும் வரலை.

"சட்டைய மாத்திட்டு வாங்க. பெரியவுக நிக்காவ"ன்னா.

கூடங்குளத்துல நாலு நாள். வாழக்கொலை தூக்கினேன். சாம்பார் வாளி தூக்கினேன். மச்சினனோட மாமியாருக்கு முட்டுக்குத் தைலம் தேச்சேன். இசக்கிதுரை அருவியில நிக்க போட்டோவா அனுப்பிக்கிட்டே இருந்தான். பந்தியில உக்காந்து மேனேஜர் வீட்டம்மாவும் எங்க வீட்டுக்காரியும் போன் நம்பர் மாத்திக்கிட்டாவ. "அக்கா"ங்கா இவ. "வாம்மா"ங்கா அந்தம்மா. அவரு "அண்ணாச்சி" ஆயிட்டாரு.

போன மாசம் எனக்கு நெசமாவே காய்ச்சல். நூத்திரெண்டு. கைகாலு நடுங்குது. என் சொந்தக் குரல்லயே சாருக்குப் போன் போட்டேன்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு வேணும் சார்."

"ர்ர்ஹம். இருவே, உம்ம வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்."

கேட்டாரு. கெடைக்கலை.