பங்கருக்குள்ளை போன விறைப்பு

அண்டைக்கு வேலை ஒண்டே ஒண்டுதான். சாவகச்சேரிக்குப் போய்க் கால் நரம்புக்கு ஊசி போட்டுக்கொண்டு வாறது.

நான் புவியியல் வாத்தி. இருபது வருசம் கரும்பலகைக்கு முன்னாலை நிண்டதிலை கெண்டைக்காலிலை நீலமும் சிவப்புமாய்ச் சிலந்திவலை மாதிரி நரம்பு படர்ந்துபோச்சு. ஒருநாள் கிணத்தடியிலை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிக்கிறன். என்னட்டைப் படிக்கிற ஒருத்தன் மற்றவனுக்குக் காட்டுறான்: "உதைப் பார், மகாவலியும் கிளையாறுகளும்."

படிப்பிச்சது மண்டையிலை நிண்டிருக்கு எண்டு சந்தோசப்படவேண்டிய இடம். எனக்குச் சந்தோசம் வரேல்லை.

நாடு கிடக்கிற கிடைக்கு இதெல்லாம் ஒரு வருத்தமோ எண்டு கேட்டால், இல்லைத்தான். ஆனால் கால் என்ரையெல்லோ.

உண்மையான பிரச்சினை வேறை. எனக்கு ஊசி எண்டால் சரியான பயம். அது மனிசி யோகத்துக்கு மட்டும்தான் தெரியும். காலமை சைக்கிளை எடுக்கேக்கை, "அங்கை போய்க் கத்தி மானத்தை வாங்காதேங்கோ" எண்டா.

"கால் மரத்துப்போக விறைப்பூசி போட்டுத்தான் செய்வினம். ஒரு சத்தம் வந்துதெண்டால் பிறகு கேள்," எண்டு சவால் விட்டிட்டுப் புத்தூரிலையிருந்து உழக்கினன்.

டொக்டர் பென்சன் எடுத்த மனிசன். வீட்டிலை வைச்சுத்தான் பார்க்கிறவர். காலைப் பார்த்திட்டுச் சொன்னார்: "மாஸ்டர், சண்டையாலை பாதை எல்லாம் பூட்டு, மருந்து வாறேல்லை. விறைப்பு மருந்து கடைசிப் போத்திலின்ரை அடியிலை கொஞ்சம் கிடக்கு. ஒரு காலுக்குத்தான் காணும். முக்கால் மணித்தியாலம் நிக்கும்."

"அது காணும் டொக்டர்," எண்டன், வீரமாய்.

நாலு இடத்திலை குத்தினார். நோகாமல் இருக்கப் போடுற ஊசியே நோகும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். ஐஞ்சு நிமிசத்தாலை காலைக் கிள்ளிப் பார்த்தால், அது ஆற்றையோ கால் மாதிரிக் கிடக்குது.

டொக்டர் நரம்புக்குப் போடுற ஊசியைக் கையிலை எடுத்தார். மேலை குண்டு போடுற பொம்மர் இரைஞ்சுது.

எல்லாரும் பின்வளவிலை வெட்டிக்கிடந்த பங்கர் குழிக்குள்ளை. டொக்டர், நான், இருமலுக்கு மருந்தெடுக்க வந்த ஒரு அண்ணை. தோல் மட்டும்தான் விறைச்சது, வடிவாய் நடக்கலாம் எண்டு டொக்டர் சொல்லியும், நான் கால் இல்லாதவன் மாதிரி இழுத்து இழுத்துத்தான் இறங்கினன்.

பொம்மர் ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுப் போயிட்டுது. பத்து நிமிசம்கூட இல்லை. எழும்பிப் போயிருக்கலாம்.

போகேல்லை. ஏனெண்டால் இருமல்கார அண்ணை கேட்டார்: "மாஸ்டருக்கு எவடம்?"

"புத்தூர்."

"புத்தூரிலை எவடம்?"

எங்கடை ஆக்கள் உந்தக் கேள்வியைத் துவங்கினால் வேர்வரைக்கும் கிண்டாமல் விடமாட்டினம். நான் ஐயாவின்ரை பேரைச் சொன்னன். அவருக்குப் பிடிபடேல்லை. அவர் தன்ரை பெரியம்மா புத்தூரிலை இருந்ததைச் சொன்னார். எனக்குப் பிடிபடேல்லை. நான் பெரியம்மாவின்ரை மச்சாளை விசாரிச்சன்.

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மாஸ்டர், சத்தம் ஒண்டும் இல்லை. போவமே?"

"ஒரு நிமிசம் டொக்டர். கிட்ட வந்திட்டுது."

"அந்த மச்சாள் கைதடியிலையெல்லோ கலியாணம் முடிச்சவ?" எண்டு டொக்டரும் திரும்பக் குந்தினார். அவர் பெண் எடுத்தது கைதடியிலை.

கைதடி முழுக்கச் சுத்தி முடிய, அண்ணை கேட்டார்: "மாஸ்டர் முடிச்சது எவடம்?"

"தொண்டைமானாறு," எண்டு மாமாவின்ரை பேரைச் சொன்னன். அண்ணையின்ரை இருமல்கூட நிண்டுபோச்சு.

அப்பதான் எனக்கும் பிடிபட்டுது, அவர் நல்லதம்பி. யோகத்தின்ரை ஒண்டுவிட்ட அண்ணை. எங்கடை கலியாணத்துக்கு வீடுதேடி வந்து சொல்லாமல் அழைப்பிதழை ஆரிட்டையோ குடுத்துவிட்டதெண்டு கோவிச்சு, கலியாணத்துக்கும் வராமல், பதினாலு வருசமாய்க் கதைபேச்சு இல்லாத ஆள்.

நான் முன்னாலை, அவர் நாலடி தள்ளிப் பின்னாலை, வெளியிலை வந்தம்.

கட்டிலிலை ஏறிக் காலைக் கிள்ளிப் பார்த்தன். கால் என்ரைதான்.

"விறைப்பு விட்டிட்டுது," எண்டார் டொக்டர். "போத்திலும் முடிஞ்சுது. என்ன செய்வம்?"

வாசலிலை நல்லதம்பி இருக்கிறார். எழும்பி ஓட மானம் விடேல்லை. "போடுங்கோ," எண்டன்.

முதல் குத்துக்குக் கேட்ட சத்தம் என்ரை எண்டு எனக்கே பிறகுதான் விளங்கினது. மூண்டாவது குத்துக்கு டொக்டர் வீட்டு நாய் எழும்பிக் குரைச்சுது. அப்பதான் வெளியிலையிருந்து நல்லதம்பியின்ரை குரல் வந்தது.

"டொக்டர், கொஞ்சம் மெல்லமாய்ப் போடுங்கோ. அவர் எங்கடை ஆள்."

எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. நோவிலை வந்ததோ, அந்தச் சொல்லிலை வந்ததோ, இண்டைக்கும் தெரியாது.

டொக்டர் காலைச் சுத்திக் கட்டிப்போட்டு, இனி நல்லாய் நடக்கவேணும் எண்டார். சைக்கிளைப் பாதி உருட்டிப் பாதி உழக்கி வீட்டுக்கு வரப் பின்னேரமாச்சு. கத்தினதை யோகத்துக்குச் சொல்லுறேல்லை எண்டு வழி முழுக்க முடிவெடுத்துக்கொண்டுதான் வந்தன்.

வாசல் படலையடியிலை ஒரு தெரியாத சைக்கிள். உள்ளுக்கை கதிரையிலை நல்லதம்பி, கையிலை தேத்தண்ணி. யோகம் அழுது முடிச்ச முகத்தோடை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிக்கிறா.

"வாங்கோ," எண்டா. "அண்ணை இப்பதான் கத்திக் காட்டினவர்."