சனிக்கிழமைச் சண்டை

வீட்டில் நிம்மதியை நிலைநாட்டியே தீர்வது என்று ஜெய்ராம் முடிவெடுத்த அன்று காலையில், ஹம்சினி அவனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நேத்து பேங்க்ல என்ன ஆச்சு?"

ஜெய்ராம் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்படி நச்சரிச்சா டைவர்ஸ்தான். புதுச் சட்டம் வந்திருக்கு. அப்ளை பண்ணிட்டேன்."

மிரட்டுவதற்குத்தான். ஆனால் மனுவைப் போனிலேயே நிஜமாகப் போட்டிருந்தான். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், வாயை மூடிக்கொள்வாள் என்பது அவன் கணக்கு.

அழுதாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஆளில்லை; அவன் ஆபீசுக்குப் போய்விட்டான்.

சுற்றிலும் பெங்காலி பேசும் லேக் கார்டன்ஸில், மூன்றாம் மாடி வீட்டில், பகல் முழுக்க அவளோடு தமிழ் பேச இருந்தது கைக்குழந்தை ஒன்றுதான். அதுவும் "ங்கா" என்று நிறுத்திக்கொள்ளும், அப்பாவைப் போல. "கோர்ட்ல உன்னை யார்கிட்ட கொடுப்பாங்கடா?" என்று அதனிடமே கேட்டாள். அது அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் இருந்தது. பிரிய நினைப்பவர்கள் கோர்ட்டுக்குப் போகுமுன், அரசாங்கம் நிதி ஒதுக்கி பவானிபூரில் திறந்திருந்த மையத்தில், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். டீயும், சிங்காரா என்கிற சூடான சமோசாவும் அரசாங்கச் செலவு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாஷி என்று ஓர் ஆயாம்மா. போன்களை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

எல்லாருக்கும் அக்காவான ஆலோசகர் பூர்ணிமா தீதிக்குத் தமிழ் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. "உங்க பாஷையிலேயே சண்டை போடுங்க. நான் முகத்தைப் பாத்துப் புரிஞ்சுப்பேன்" என்று பெங்காலியில் சொல்லிவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஜெய்ராம் சுவரைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எங்க மேனேஜர் இருக்காரே..."

"ம்?"

"அவர் விக் நேத்து ஃபேன் காத்துல பறந்து, லோன் கேக்க வந்தவர் மடியில விழுந்தது."

ஹம்சினிக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் தீதி ஃபைலை மூடிவிடுவார். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு எந்த அரசாங்கம் நிதி ஒதுக்குகிறது? பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்று உறுமினாள்.

தீதி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

மழைக்காலம் அப்படியே போயிற்று. வாரமெல்லாம் ஹம்சினி வாயைத் திறப்பதில்லை. சனிக்கிழமைக்குச் சேர்த்து வைத்தாள். குழந்தைக்குப் பல் முளைத்ததைக் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னாள். "ராத்திரி அதுக்கு மூச்சு வருதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். எனக்குப் பயமா இருக்கு!" என்று மேஜையைத் தட்டினாள். அன்று அவன் தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினான்.

துர்கா பூஜை நெருங்கியதும் ஜெய்ராமுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை கிரிக்கெட் போயே போய்விட்டது. எழுந்து நின்றான். "தீதி, ஆமாதேர் ஜகடா ஷேஷ்!" எங்கள் சண்டை முடிந்தது, மனு வாபஸ்.

தீதி முகமெல்லாம் மலர ஹம்சினியைப் பார்த்தார்.

இந்த மேஜை போனால் அப்புறம் பேச்சு ஏது? ஹம்சினி விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கரியாஹாட் மார்க்கெட்ல கத்திரிக்காய் பிஞ்சா வந்திருக்கு!"

"என்னது?"

"எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணணும்! போற வழியில அரைக் கிலோ வாங்கணும்! காம்பு பச்சையா இருக்கான்னு பாத்து வாங்கணும்!" சொல்லச் சொல்லக் குரல் உடைந்து நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"தீதி! இவ கத்திரிக்காயைப் பத்திப் பேசறா!" என்று ஜெய்ராம் பெங்காலியில் அலறினான்.

தீதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இப்படி அழறா. உங்களுக்குக் கத்திரிக்காய்னு கேலியா?"

நிதியாண்டு முடியும்வரை சனிக்கிழமைகள் நீட்டிக்கப்பட்டன.

பஸ்ஸில் அவன் மறுபடி போனுக்குள் தலையைக் குனிந்துகொண்டான். ஹம்சினி குழந்தையை அணைத்துக்கொண்டு, அடுத்த வாரம் என்ன சொல்லிக் கத்தலாம் என்று யோசித்தாள்.

கரியாஹாட்டில் இறங்கி, ஜெய்ராம் ஒவ்வொரு கத்திரிக்காயாகக் காம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.