‘பிடி’யை நம்பிப் போர்க்களம் புகுந்த நல்லமுத்து

அலைகடலை முன்றிலாகவும் கொடிமலையைப் பின்சுவராகவும் கொண்ட பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் மாநகரின் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பழைய ஓட்டலொன்றில், இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் பெட்டிகளைச் சுமந்தும் வளையாத தோளினன், ஐம்பத்தொரு வயதிலும் ‘பெல்பாய்’ என்றே விளிக்கப்படும் மூவா இளையோன், இரு முழங்கால்களிலும் வலிப்பட்டி ஒட்டியும் படிக்கட்டுக்கு அஞ்சாத நெஞ்சன், நல்லமுத்து நீடு வாழ்க! அவன் ஆங்கிலத்தோடு பொருத கதையைச் செப்புகிறோம், செவி தாரீர்.

போர் மூண்டது ஒரு நாற்காலியால். வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த பெண் திருமணமாகி ஈப்போவுக்குப் போய்விட, சுழலும் தன்மையதும் சாய்மானம் உடையதும் ஏர்கான் காற்று நேரே வந்து தாலாட்டுவதுமாகிய அச்சிம்மாசனம் வெறுமை எய்தியது. அதன்மேல் இருவர் கண் வைத்தனர். ஒருவன் நம் தலைவன். மற்றவள் டோரதி, சலவை அறையின் ஆவிமண்டலத்தில் பதினைந்து ஆண்டு படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துக் கை சிவந்த மாதரசி. மேலாளர் அறைந்த முரசு இது: “விருந்தினரோடு ஆங்கிலத்தில் பிழையறப் பேச வல்லவர் எவரோ, அவரே அமர்க!”

பயிற்சி தர நியமிக்கப்பட்டவர் நூருல் ஹுதா என்னும் நல்லாள். ஆறு புதன்கிழமைகள் அவர் ஓதிய மறைபொருள் ஒன்றே: ஆங்கிலத்தில் சொற்கள் தாலி கட்டியவை, ஒன்றன் துணையை மற்றொன்றோடு அனுப்பினால் மானம் போகும். மழை எத்தனை பெரிதாய்க் கொட்டினும் ‘பிக்’ ஆகாது, ‘ஹெவி’ என்றே எடை போடப்படும். தேநீர் எத்தனை கெட்டியாயினும் ‘திக்’ ஆகாது, பயில்வானைப்போல் ‘ஸ்ட்ராங்’ எனப்படும். தவறு என்பதை ‘டூ’ செய்யலாகாது, ‘மேக்’ செய்ய வேண்டும். ஏன் என்று வினவுவார்க்கு விடையில்லை. நம் வீரன் பெட்டி சுமந்து ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஓர் இணையை முணுமுணுத்தான். மூன்றாம் மாடியை அடைவதற்குள் முதல் மாடியில் கற்றவை புறமுதுகிட்டோடின.

ஒருநாள் படிக்கட்டில் எதிரிகள் இருவரும் எதிர்ப்பட்டனர்.

“அண்ணே, ‘ஈட் மெடிசின்’ இல்ல லா. மருந்த ‘டேக்’ பண்ணணும்,” என்றாள் டோரதி, தூய விரிப்புகளின் மலையொன்றைத் தாங்கியவளாய்.

“எடுத்து என்ன பண்றது? அப்புறம் முழுங்கத்தானே வேணும்?”

“அத மேடத்துக்கிட்ட கேளுங்க. எனக்கே ராத்திரி கனவுல ‘மேக்’கும் ‘டூ’வும் சண்ட போடுது.”

இங்ஙனம் நம்பிக்கை நலிந்து, வேலை முடிந்து, ஓடும் பஸ்ஸைத் துரத்தித் தொற்றி ஏறி மூச்சிரைத்து நின்ற ஒரு மாலையில், அவனுக்கு ஞானம் பிறந்தது. பஸ்ஸைப் பிடித்தான். ஆங்கிலத்திலும் ‘கேட்ச் அ பஸ்’! மீன் பிடிப்பது, ‘கேட்ச் ஃபிஷ்’! சளி பிடிப்பது, தீப் பிடிப்பது, யாவும் ‘கேட்ச்’! ஆழிசூழ் உலகில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே தனக்கென ஒரு பாலம் கட்டிவைத்த பேரருளை எண்ணி அவன் விழி பனிக்க, இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இரண்டாம் மாடியில் களம் அமைந்தது. நூருல் ஹுதா விருந்தினர் வேடம் பூண்டார். மூன்று இணைகளை முறித்தவர் வீழ்ந்தவர் என்பது போர்நெறி.

டோரதி முன்சென்றாள். மழையை வென்றாள், மருந்தை வென்றாள். ஆனால் பெட்டியைக் கட்டுவது ‘பேக்’ என்பதை மறந்து ‘டை’ என்று கயிற்றால் கட்டிவிட்டாள். பதறி, “சாரி மேடம், ஐ டிட் அ மிஸ்டேக்,” என்று மன்னிப்பு வேண்ட, அம்மன்னிப்பே இரண்டாம் பிழையாயிற்று. அதன்பின் ஒவ்வொரு சொல்லையும் முட்டையைப்போல் ஏந்தி வைத்துக் கரையேறினாள்.

பின் எழுந்தான் நல்லமுத்து, யானைப்படை எழுந்ததென. முதல் மோதலில் விருந்தினருக்கு ‘திக் டீ’ வழங்கி ஒரு காயம் பெற்றான். வெளியே மழை, டாக்ஸிவரை எப்படிப் போவது என்றார் நூருல் ஹுதா. “ஹெவி ரெய்ன், மேடம்!” என்று இடியென முழங்கி அம்மழையை அடக்கியவன், வெற்றிக்களிப்பில் தன் நம்பிக்கைக்குரிய தோழனை ஏவினான்: “டோன்ட் வொரி. ஐ வில் கேட்ச் த அம்ப்ரெல்லா!” காற்றில் பறக்கும் குடையை ஓர் ஐம்பத்தொரு வயதினர் துரத்தும் காட்சி அவையில் விரிந்தது. குடையை ‘ஹோல்ட்’ செய்ய வேண்டுமாம். இரண்டாம் காயம்.

இறுதி அம்பு வந்தது. “இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்?”

நாற்காலியைச் சொல்லியிருக்கலாம், முழங்காலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கணம் அவன் நினைவில் எழுந்தவை முகங்கள். குதிகால் ஒடிந்த காலணியோடு அழுத மணப்பெண். ஆண்டுதோறும் மனைவியோடு வந்து, ஒருமுறை தனியே வந்த கிழவர். படிக்கட்டில் அவன் விரலைப் பற்றிக்கொண்டு விட மறுத்த குழந்தை. எனக்கு மனிதர்களைப் பிடிக்கும் என்பதே அவன் நெஞ்சில் இருந்தது. நெஞ்சிலிருந்து நாவுக்கு வரும் வழியில் அது ஆங்கிலமாயிற்று.

“பிகாஸ், மேடம்… ஐ கேட்ச் பீப்பிள்.”

நூருல் ஹுதா சிரித்தார். மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணீர் துடைத்தும் சிரித்தார். நம் வீரன் செந்தணலாய்ச் சிவந்து நின்றான். அப்போது எழுந்தாள் டோரதி. பகைவன் வீழ்ந்த களத்தில் மகிழ வேண்டியவள், மலாய் மொழியில் முழங்கினாள்: “சிரியாதீர், ஆசானே! பஸ்ஸைப் பிடிப்பதற்கும் ஒருவரைப் பிடித்துப்போவதற்கும் எங்கள் மொழியில் சொல் ஒன்றே. இவ்வண்ணனுக்கு மனிதர்மேல் பிரியம், அதைத்தான் உரைத்தார்!” பின் அவனை நோக்கி மெல்ல, “நல்லாத்தான் சொன்னீங்க அண்ணே,” என்றாள்.

நூருல் ஹுதாவின் நகை நின்றது. எழுந்துவந்து அவன் முன் தலை தாழ்த்தி வருத்தம் தெரிவித்தார். மின்விசிறி சுழல மறந்ததோ, கீழே லிட்டில் இந்தியாவின் ஒலிபெருக்கிகள் ஒருசேர ஊமையாயினவோ, கொடிமலைமேல் இறங்கிய முகில்களும் செவிசாய்த்தனவோ என்று ஐயுறும்படி அவ்வறையில் பேரமைதி பரவ, மொழியைக் கடந்து நின்ற அன்பின் பேராற்றலையும், எதிரிக்காக வழக்காடிய மங்கையின் மாண்பையும், மதிப்பெண் தாளையும் மாறிமாறி நோக்கி, நெடுமூச்செறிந்து, பேனாவைத் திறந்து, தீர்ப்பெழுதினார் அந்நல்லாள்.

வேலை டோரதிக்குக் கிடைத்தது.