டவுட்டுக்காக நான் ஊதிய மூச்சு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரி போகாத ரோட்டைக்கூடக் காட்டிவிடலாம். டவுட்டு நம்பிய ஒரு ஆளைக் காட்ட முடியாது.

இரும்பு ஆலையில் அவர் எனக்குப் பக்கத்து மெஷின், லைன் வீட்டில் பக்கத்துக் கதவு. நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. டீ மாஸ்டர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் டம்ளரைத் தொடுவார். ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் டிரைவரிடம் கேட்பார், உள்ளே இருப்பவர்களிடம் கேட்பார், ஏறி உட்கார்ந்த பிறகு "இவன் நெஜமாவே அங்கதான் போறானா?" என்று என் காதில் கேட்பார்.

அப்படிப்பட்டவர் குடியிருந்த தெருவுக்குத்தான் சென்னையிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்தார்கள். தூசியில் வேலை செய்கிறவர்களின் நுரையீரல் பற்றி ஆராய்ச்சி என்று வீடு வீடாகப் பெயர் எழுத வந்த பெண் சொன்னார். ஒரு குழாயில் மூச்சை இழுத்து ஊத வேண்டும், அவ்வளவுதான். நான் மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவன். எனக்கு எதற்கு டெஸ்ட் என்று பெயர்கூடக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளாக இருந்த இருமலைச் சளி என்று நானே முடிவு செய்திருந்தேன்.

டவுட்டின் பெயரை அவரைக் கேட்காமலே அவர் சம்சாரம் கொடுத்துவிட்டார். அன்று மாலையே டவுட்டு என் கதவைத் தட்டினார்.

"நைனா, இது கம்பெனி வேலை. எவனுக்கு மூச்சு கம்மியோ அவனை ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்கோ."

"கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சேண்ணே."

"அத்த இன்னாத்துக்கு தானா வந்து சொல்லுது? நாம கேட்டமா?"

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருசம் கீது. எம்பொண்ணு நர்சிங் படிச்சிக்கினு கீது. நீ பேண்டுல ஊதறவன், எம்பேர்ல போயி ஊதிட்டு வா."

மறுநாள் அவருடைய டோக்கனோடு சமுதாயக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வயது ஐம்பத்தாறு என்றேன். அந்தப் பெண் என் கறுப்பு மீசையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே டவுட்டின் தலை தெரிந்தது. ஈஸ்டர் ஊர்வலத்துக்கு ஊதுவதுபோல மூன்று முறை ஊதினேன். வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அது இன்னாத்துக்கு உன் மீசைய பாத்துது?"

பத்து நாளில் அவர் பெயருக்குக் கவர் வந்தது. நுரையீரல் சரியாக இல்லை, தள்ளிப்போடாமல் சிகிச்சைக்கு வரவும் என்று எழுதியிருந்தது. நான் அப்பவே சொன்னேனே என்று குதிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, இது என் மூச்சு இல்லியே."

"மெஷின் கோளாறா இருக்கும்ணே. நீயேதான் அத்த நம்பலியே."

"நான் எத்தையும் நம்பறதில்ல. உன் இருமலு சளின்னு நீ சொன்னியே, அத்தயும் ஒரு நாளும் நம்பல."

நான் அந்தக் கவரை வாங்கி இன்னொருமுறை படித்தேன்.

விடிந்ததும் என் கையைப் பிடித்து, சமுதாயக் கூடத்தில் இருந்த அந்தப் பெண்ணின் முன்னால் நிறுத்தினார். "ஊதுனது இவன், பேரு என்னுது. கம்பெனிக்கு சொல்லணும்னா சொல்லிக்கோ. மொதல்ல இவன பாரும்மா." அந்தக் காகிதம் முதலாளி மேஜைக்குத்தான் போகும் என்று அப்போதும் அவர் நம்பினார். ஆனாலும் என் கையை விடவில்லை. என் சொந்த அண்ணன் எனக்காக இதைச் செய்திருப்பானா என்பது சந்தேகம்.

அந்தப் பெண் திட்டவில்லை. "எங்க கணக்கெல்லாம் கெட்டுப்போச்சேண்ணே" என்று தலையில் கை வைத்தார். பிறகு டவுட்டையும் ஊதச் சொன்னார். நுரையீரல் ஜோராக இருந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டதால் நான் தப்பித்தேன். அந்த ஆராய்ச்சியைக் காட்டி எங்கள் சங்கம் கேட்டதில், இப்போது எங்கள் பிரிவில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

டவுட்டு ரிட்டையர் ஆகிவிட்டார். இன்றும் காலையில் என் கதவைத் தட்டுகிறார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேண்ணே."

"அட்டைய காட்டு."

வாங்கி, காலியான குழிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். ஒருநாள் அவர் என் வார்த்தையை நம்பிவிட்டுப் போனால், எனக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியாக இருக்காது.